கீரிப்பூச்சி மட்டும்தான் என்று நினைத்தோம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவில் உள்ள ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வராது. கூட்டம் முடிந்ததும், லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். "அந்த டேப் ஸ்லைடு சமாச்சாரத்தை எழுதியாச்சும் குடுங்கண்ணா. மாசமா இருக்கறவங்ககிட்ட அதைச் சொல்லும்போது பாதியிலயே எங்களுக்குச் சிரிப்பு வந்துருதுங்க. அவங்க தலையைக் குனிஞ்சுக்கறாங்க" என்றார்கள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு, டேப் ஸ்லைடைப் பற்றி மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தரை துடைப்பது, பிரசவ அறையைக் கழுவுவது, குப்பையைப் பிரித்துக் கட்டுவது. பிறகு லேபில் ஸ்லைடு கழுவ ஆள் இல்லை என்று என்னை அங்கே போட்டார்கள். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஓரத்தைப் பிடித்துத் துடைத்து அடுக்க வேண்டும். நடுவில் விரல் பட்டால் திரும்பக் கழுவ வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். எனக்கு ஒரு மாதம் ஆனது.

லேபுக்கு டெக்னீசியன் கோகிலா மேடம். என்னைவிட எட்டு வயது சின்னவர். "ரங்கசாமிண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் போனில் சிக்னல் இல்லாததால். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது இன்னொரு கண்ணை மூட மாட்டார். இரண்டும் திறந்தே இருக்கும். ஸ்லைடை ஒரு மூலையில் ஆரம்பித்து, வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்து முடிப்பார். நடுவில் யார் வந்து பேசினாலும் பதில் வராது. ஒன்றும் தெரியாவிட்டால் நோட்டில் "காணப்படவில்லை" என்று எழுதுவார். "இல்லை" என்று எழுத மாட்டார். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "நான் பாத்த இடத்துல காணோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்ணா" என்றார்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஆனவர்கள் சிலர் நர்ஸிடம் மெதுவாக, "பின்னால ஒரே அரிப்பா இருக்குதுங்க, ராத்திரியில தூக்கமே இல்லீங்க" என்பார்கள். நர்ஸ் சீட்டில் "டேப்" என்று எழுதி லேபுக்கு அனுப்புவார். கீரிப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும் புழு அது. ராத்திரி ஆசனவாய்க்கு வெளியே வந்து தோல்மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும். அரிப்பு அதனால்தான். முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும் டேப்பைக் காலையில் அந்த இடத்தில் ஒற்றி எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு நாள் எடுத்தால் தப்பிவிடலாம். மூன்று நாள் எடுப்பது நல்லது.

ஸ்லைடு தயார் செய்வது என் வேலை. கண்ணாடியின் மேல் டேப்பை நீளமாக ஒட்டி, ஒரு முனையில் பிடித்து இழுக்கச் சின்னக் காகிதத் துண்டு வைத்து, மூன்று ஸ்லைடுகளை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். எப்படி எடுப்பது என்று சொல்வதும் என் வேலையாகிவிட்டது. மேடத்துக்கு ரத்தம் எடுக்கவே நேரம் போதாது.

அங்கேதான் எனக்குச் சிக்கல். முகம் பார்த்துச் சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "காலைல எந்திரிச்சதுமுங்க, டேப்பைப் பிரிச்சு, ஒத்தி, திரும்ப இதுமேலயே ஒட்டிருங்க" என்பேன். எங்கே ஒற்றுவது என்று சொல்ல மாட்டேன், அது அவர்களுக்கே தெரியும். இன்னும் ஒரு வாக்கியம் உண்டு. காலைக்கடன் போவதற்கு முன்னால், குளிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அதையும் விட்டுவிடுவேன். பெண்பிள்ளைகளிடம் காலைக்கடன், குளியல் என்றெல்லாம் பேச என் வாய் எழாது. காலையில் எழுந்ததும் என்று சொல்லிவிட்டோமே, புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஒரு சித்திரை மாதம் சரண்யா வந்தாள். சோமனூர்ப் பக்கம். வீட்டோடு விசைத்தறி. இருபத்தைந்து வயது இருக்கும். மூத்தது பெண், பால்வாடிக்குப் போகிறது. இது இரண்டாவது, எட்டாம் மாதம் முடியப் போகிறது. கூடவே மாமியார் வந்திருந்தார். சரண்யா சீட்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, மாமியார் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்ணா, இது அத்தைக்குத் தெரிய வேண்டாமுங்க. பூச்சின்னா, சுத்தபத்தமில்லாத ஊட்டுலருந்து பொண்ணு எடுத்துப்போட்டோம்னு பேச்சாயிரும்."

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லி டப்பாவைக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து டப்பா திரும்பி வந்தது. மேடம் மூன்றையும் பார்த்தார். முட்டை காணப்படவில்லை. டாக்டரம்மா யோசித்தார். ஐந்தாம் மாதத்திலேயே ஒரு பூச்சி மாத்திரை கொடுத்தாகிவிட்டது. பூச்சி என்று தெரியாமல் இந்த மாதத்தில் இன்னொன்று எதற்கு என்று, தடவ ஒரு களிம்பு மட்டும் கொடுத்தார். அடுத்த செவ்வாய் வந்தாள். அரிப்பு நிற்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. திரும்பவும் மூன்று ஸ்லைடு. திரும்பவும் காணப்படவில்லை.

அன்றைக்கு மேடம் நோட்டில் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இதுல பாருங்கண்ணா" என்றார். பார்த்தேன். டேப் முழுக்க மஞ்சள் மஞ்சளாகத் துணுக்குகள்.

"இது என்னங்க மேடம்?"

"மஞ்சத்தூளு. குளிச்சு, மஞ்சப் பூசிட்டு எடுத்திருக்கா. முட்டையெல்லாம் பொடக்காலியில குளிச்ச தண்ணியோட போயிருச்சு. நீங்க என்ன சொல்லிக் குடுக்கறீங்க? அப்படியே எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். காலைல எந்திரிச்சதுமுங்க, பிரிச்சு, ஒத்தி, ஒட்டிருங்க.

"அப்புறம்?"

நான் கையிலிருந்த ஸ்லைடைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மேடம் கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "நான்தான் எட்டு மாசம்னு வெச்சுக்கங்க. எனக்குச் சொல்லுங்க."

காது சூடாகிவிட்டது. ஜன்னலைப் பார்த்தேன். "இங்க பாருங்கண்ணா" என்றார். பார்த்தேன். "கக்கூசு போறதுக்கு முன்னாடிங்க. குளிக்கறதுக்கு முன்னாடிங்க" என்றேன்.

"கேக்கலைங்களே. எனக்கு வயிறு பெரிசு, காது சின்னது."

இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். வெளியே ரத்தம் எடுக்கக் காத்திருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "நானுமுங்களா?" என்றார். மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் பாதி சொல்லி அனுப்பியிருப்பேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். நம் பக்கத்தில் யாரும் குளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எதையும் கொண்டுவர மாட்டார்கள். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

மறுநாளே சரண்யா களிம்பு வாங்க வந்தாள். மாமியாரும் வந்திருந்தார். நேற்று வந்த தைரியம் போய்விடுமுன் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், மாமியார் பக்கத்தில் இருப்பதை மறந்து, "அம்மணி, குளிக்கறதுக்கு முன்னாடி எடுக்கோணுமுங்க. மஞ்சப் பூசினா பூச்சி முட்டை தெரியாதுங்க" என்று வராந்தாவே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

சரண்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமியார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பூச்சி?"

சரண்யா அழ ஆரம்பித்தாள். "கீரிப்பூச்சிங்கத்தை. ஊட்டுல தாப்பாள் இருக்கறது குளிக்கற ரூம்புக்கு மட்டுந்தானுங்களே. அதுக்குள்ள போயி, துவைக்கற கல்லுமேல ஒரு காலைத் தூக்கி வெச்சு, வயிறு இடிக்குது, கையி எட்ட மாட்டீங்குது. குளிச்சு முடிச்சுத்தான் எடுக்க முடிஞ்சுது."

"அடிப் பைத்தியமே! வயித்தைத் தூக்கிட்டு ஈரக் கல்லுமேல ஏறினயா? வழுக்கி உழுந்திருந்தா?" என்று மாமியார் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். "எனக்குந்தான் இருந்துச்சு, உன்ற புருசன் வயித்துல இருக்கைல. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கேடு? ஏனுங்க, அந்தக் கண்ணாடியை எங்கிட்டக் குடுங்க."

மூன்று நாள் கழித்து அவரே டப்பாவைக் கொண்டுவந்தார். "கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே திருப்பிப் படுக்க வெச்சு எடுத்துப்போட்டேனுங்க. குளிக்கவே உடலை. போதுமுங்களா?" என்றார்.

மேடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. பாதியாகப் பிளந்த உளுந்து மாதிரி முட்டைகள், வரிசையாக. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். சரண்யாவுக்கு மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில். பால்வாடிக் குழந்தைக்குச் சின்ன அளவு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நகம் வெட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் உள்ளாடையை மாற்றி, பின்புறத்தைக் கழுவ வேண்டும். விரிப்பையும் துணியையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். இதையெல்லாம் சரண்யாவின் முகத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். ஒரு வாக்கியம் விடவில்லை. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை.

செவ்வாய்க்கிழமை எல்லோருடைய சிறுநீரையும் நான்தான் வாங்கி வைப்பேன். காகிதப் பட்டையை நனைத்து, உப்பு, சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவோம். மாத்திரை கொடுத்த வாரம் சரண்யாவின் கப்பைப் பார்த்தேன். பால் விடாத காப்பி மாதிரி இருந்தது. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. அதை எழுதினோம். நிறத்துக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. சித்திரை வெயில், தறி ஓடும் வீடு, தண்ணீர் குடித்திருக்க மாட்டாள் என்று நானே முடிவு செய்து கொட்டிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் வந்தாள். கப்பை வாங்கும்போது நானாகவே, "சரியாப் போச்சுங்களா அம்மணி?" என்று கேட்டேன். முன்பெல்லாம் கேட்டிருக்க மாட்டேன்.

"அங்க பரவால்லீங்ணா. இப்பக் கையும் காலுந்தானுங்க" என்று உள்ளங்கையைக் காட்டினாள். சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது. தடிப்பு ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைச் சிமெண்ட் படி ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பூச்சி மேல ஏறிப்போச்சாட்ட இருக்குதுங்க. பாயிலருந்து எந்திரிச்சு, வெறுந் தரையில கையை வெச்சுட்டு உக்காந்துக்கறேன்."

"ரெண்டாவது மாத்திரை போட்டா எறங்கிருமுங்க" என்றார் மாமியார்.

நானும், "ஆமாங்க, ரெண்டு வாரம் ஆகுமுங்க" என்றேன்.

இதைத்தான் எழுதத் தயங்கினேன். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்து தப்புச் செய்தேன். பேச வந்ததும், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைக்கு டாக்டரம்மா மீட்டிங் போயிருந்தார். நர்ஸ் எடையும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிட்டார். நர்ஸிடம் சரண்யா அரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. லேப் அண்ணனிடம்தான் சொல்லியாகிவிட்டதே.

மத்தியானம் கப்புகளைக் கொட்டும்போது அதே காப்பி நிறம். போன வாரத்தைவிடக் கறுப்பு. கொட்டாமல் மேடத்திடம் கொண்டுபோனேன். உள்ளங்கையைப் பற்றியும் சொன்னேன். பூச்சி மேலே ஏறியிருக்குமா என்று கேட்டேன்.

மேடம் பேனாவை மூடினார். "பூச்சி எப்படிண்ணா உள்ளங்கைக்கு வரும்? எத்தனை நாளா இந்த நிறம்?"

"போன வாரமும் இப்படித்தானுங்க."

"போன வாரமேவா?"

மேடம் உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். டாக்டரம்மா சொன்னதை எனக்குத் திரும்பச் சொன்னார். கடைசி மாதங்களில் சில பேருக்குக் கல்லீரலில் பித்தநீர் தேங்கி ரத்தத்தில் கலந்துவிடும். தடிப்பில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். சிறுநீர் கறுக்கும். தாய் தாங்கிக்கொள்வாள். ஆபத்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு. முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளேயே போய்விடலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

நோட்டில் இருந்த நம்பருக்குப் போட்டோம். தறிச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வீடு கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். சரண்யாவின் கணவன் தறியை நிறுத்திவிட்டு வந்தான். சரண்யா உள்ளே தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அம்மணி, நான் காலைல சொன்னது தப்புங்க. இது பூச்சி இல்லீங்க. இப்பவே கோயமுத்தூரு போகோணுமுங்க" என்றேன். பிறகு மேடம் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "கொழந்தை அசையுதுங்களா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். "நேத்துப் பொழுதோட சித்தெ கம்மிங்க. சூடுன்னு நெனச்சேன்."

மாமியார் எழுந்துபோய், துணிப்பையில் சேலைகளைத் திணித்தார். 108 வந்தது. ஏறும்போது சரண்யா, "இதுவும் என்னாலதானுங்களாண்ணா? அந்த மாத்திரையாலயா?" என்று கேட்டாள். "இல்லீங்க. மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, மேடம் சொன்னாங்க" என்றேன். மேடத்திடம் அதைக் கேட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் கல்லீரல் கோளாறுதான். இரண்டு நாள் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருந்து, பிரசவ நாளுக்கு முன்பே மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். பையன். எடை குறைவு. நான்கு நாள் தனியாகப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். பிரசவமானதும் அரிப்பு தானாக நின்றுவிட்டது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க ரங்கசாமி" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் ஏற்கனவே போயிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட அவர்கள் வந்தபோது நான் லேபை விட்டு வெளியே வரவில்லை. மாமியாரே தேடி வந்து, "ஏனுங்க, கொழந்தையப் பாக்க மாட்டீங்களா? இவனுக்கும் டேப்பு ஒட்டோணும்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டே வாரேன்" என்றார். நான் சிரித்தேன். தூக்கச் சொன்னார். கை கழுவிவிட்டுத் தூக்கினேன்.

மேடம் சிறுநீர் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நிறத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தார். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் போய் நின்றேன். காலண்டர் எதுவும் இல்லாத இடம். பார்க்க அவர்கள் முகம் மட்டும்தான்.

"ஏனுங்க அம்மணி, எல்லாரும் சித்தெ கேளுங்க. பின்னால அரிப்பு இருந்தா வெக்கப்படாம நர்ஸம்மாகிட்டச் சொல்லுங்க. அது பூச்சியா இருக்கலாமுங்க, மருந்து இருக்குது. உள்ளங்கை, உள்ளங்கால் அரிச்சா அது பூச்சி இல்லீங்க. ஒண்ணுக்குக் கறுப்பாப் போனாலும் சொல்லோணுமுங்க. அன்னைக்கே சொல்லோணுமுங்க. எங்கிட்டச் சொன்னாப் பத்தாது, டாக்டரம்மாகிட்டச் சொல்லோணும்."

சில பேர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "லேப் அண்ணனுக்கு வாயி வந்துருச்சுங்கடி" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த செவ்வாயும் சொன்னேன். ஓய்வு பெறும்வரை எல்லாச் செவ்வாயும் சொன்னேன். இரண்டாவது செவ்வாய், கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் லேப் வாசலில் நின்றார்கள். ஒருத்திக்குக் கொசுக்கடி. இன்னொருத்தி செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். நான் ஏதும் பதில் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் டாக்டரம்மாவுக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம் பதினெட்டாம் தேதி, பகல் மூன்று மணி.